எண்ணச் சொன்னேன்

லாக் புத்தகத்தில் மூன்று பத்திகள்:
கற்றது, கற்பித்தது, மேற்பார்வையாளர் கையொப்பம்.
இரண்டாம் வருடத்தின் பாதி வரை
நடுப்பத்தியில் பொய்தான் எழுதி வந்தேன்.
"ஹவுஸ் சர்ஜன்களுக்கு அனிச்சைச் செயல் சோதனை, அரை மணி நேரம்."
அந்த அரை மணியில்
அவர்கள் கையில் சுத்தியலைத் திணித்துவிட்டு
சி.டி. அறைக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளியிருப்பேன்.

தஞ்சாவூர் வந்த புதிதில்
ஊர்ப்பெயர்கள் எனக்கு நிமிடங்கள்.
பாபநாசம் நாற்பது. மன்னார்குடி அறுபது.
வேதாரண்யம் என்றால் கடிகாரத்தைப் பார்க்கவே பயம்.
நாலரை மணி நேரத்துக்குள் வந்தால் ஊசி,
தாண்டினால் ஆஸ்பிரினும் ஆறுதலும்.

வைரக்கண்ணு வந்தது ஆறாவது மணியில்.
அம்மாபேட்டைப் பக்கம். குறுவை அறுப்பு.
களத்திலேயே சாய்ந்துவிட்டார், தூக்கம் என்று விட்டுவிட்டார்கள்.
வலது கை தொங்கியது. பேச்சு இல்லை.
தையல்நாயகி
அவர் செருப்பை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு
மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை, ரவுண்ட்ஸுக்கு முன்
பேனாவைக் காட்டினேன். பார்த்தார்.
வாட்சைக் காட்டினேன். என் முகத்தைப் பார்த்தார்.
கண்ணை மூடுங்க என்றதும் மூடினார்.
புரிகிறது, சொல் வரவில்லை.
படத்தில் இடப்பக்கம்
புளியங்கொட்டை அளவுக்கு இருட்டு.

"ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் எண்ணுங்க."
பேச்சு தொலைந்தவருக்கும் சில நேரம்
எண்கள் தானாக வரும் என்று பாடம்.
உதடு கூடியது, பிரிந்தது.
"லாபம்."
இல்லைங்க, எண்ணுங்க.
"லாபம்."
எழுதினேன்: பொருந்தாத சொல். அதே சொல் திரும்ப. எண் வரவில்லை.

ரத்தம் எடுக்க வந்திருந்த ரஹ்மத் நிஷா,
கூத்தாநல்லூர்க்காரி, ஹவுஸ் சர்ஜன்,
ஊசி முனையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்:
"அதுதான் மேடம் ஒண்ணு."
எது?
"நெல் அளக்கறப்போ ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க.
முதல் மரக்காலுக்கு லாபம். அப்புறம் ரெண்டு, மூணு.
எங்க மில்லுலயும் அப்படித்தான்.
நீங்க நடுவுல நடுவுல நிறுத்துறீங்க. விடுங்க அவர."

நான் கோயம்புத்தூர். எங்களுக்கு
அரிசி இருபத்தைந்து கிலோ சிப்பத்தில் வரும்.
விட்டேன்.
வாயை மூடிக்கொண்டு நிற்பதும்
பரிசோதனையில் ஒரு பகுதி என்று
சுத்தியல் பிடிக்கக் கற்ற எவரும் எனக்குச் சொன்னதில்லை.

லாபம்.
ரெண்டு. மூணு.
இடது கை போர்வை மேல்
எதையோ தலைதட்டிக்கொண்டே போனது.
ஏழில் இடறினார்.
தையல்நாயகி முந்தானையை வாயில் அழுத்தினாள்;
எடுத்துக்கொடுக்கக் கூடாதென்று நான்தான் சொல்லியிருந்தேன்.
எட்டு. ஒம்பது. பத்து.
பத்தோடு நிற்கவில்லை.
பன்னெண்டில் நிறுத்தி, கையை எடுத்தார்.
"ஒரு கலம் ஆச்சு," என்றாள் நிஷா,
ட்யூபில் பெயர் எழுதியபடி.

ரவுண்ட்ஸில் சீஃப் தாளைப் படித்தார்.
"லாபமா? உளறலா?"
இல்லை சார். ஒண்ணு.
சிரித்தார்கள். நானும் கொஞ்சம்.
பின்வரிசையில் ஒளிந்திருந்தவளை முன்னால் இழுத்துவிட்டேன்.
குரல் நடுங்க இரண்டு நிமிடம் சொன்னாள்.
சீஃப் கண்ணாடியைக் கழற்றினார்.
"அப்ப இத்தனை வருஷத்துல
எத்தனை பேருக்கு முட்டை போட்டிருப்போம்?"
யாருக்கும் தெரியவில்லை.
அடுத்த படுக்கைக்கு நகர்ந்தோம்.

இரவு லாக் புத்தகத்தில் முதல்முறையாக
பொய்யில்லாத ஒரு வரி.
கையொப்பத்துக்கு நிஷாவிடம் நீட்டினேன்.
ஹவுஸ் சர்ஜன் கையெழுத்து செல்லாது மேடம் என்றாள்.
தெரியும், போடு.
பென்சிலில் போட்டாள், அழிக்க வசதியாக.

பதினோராம் நாள் டிஸ்சார்ஜ்.
பேனாவைக் காட்டினேன். "பே," என்றார்.
மீதி வரவில்லை.
தையல்நாயகி பையிலிருந்து செருப்பை எடுத்துக் கீழே வைத்தாள்.
வலது கால் உள்ளே போக மறுத்தது.
குதிகாலை எங்கே பிடித்துத் தூக்க வேண்டும் என்று
குனிந்து காட்டிக்கொண்டிருந்தாள் நிஷா.
நானும் குனிந்து பார்த்தேன்.
அதை எந்தப் பத்தியில் எழுதுவது,
இன்னும் எழுதவில்லை.